பழைய காரை யார் வைத்திருப்பது?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்குசெய்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு டொக்டரை மேடையில் ஏற்றினால் சீனி வருத்தம், பிறசர், நடைப்பயிற்சி மூன்றையும் சொல்லிமுடிக்காமல் இறங்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தபோதே அதற்குத் தடை போட்டுவிட்டார். "பிள்ளை, வருத்தம் ஒண்டும் வேண்டாம். அது எல்லாரிட்டையும் இருக்குதுதானே. வேறை ஏதாவது கதையுங்கோ" என்றார். அதனால் நான் இன்று வயதுபோன கார்களைப் பற்றிப் பேசப்போகின்றேன். அதிலும் வருத்தங்கள் வரும். ஆனால் மருந்து எழுதித்தர என்னால் முடியாது.

எங்கள் வீட்டில் ஓர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் நிற்கிறது. ஏ55, இரண்டாம் மார்க், 1960 ஆம் ஆண்டு செய்தது. பின்பக்கம் இரண்டு செட்டை வைத்த மாதிரி எழும்பி நிற்கும் அந்த வடிவத்தை இத்தாலியில் பினின்பரினா நிறுவனத்தார் வரைந்து கொடுத்தார்கள். என்ஜின் 1489 சி.சி. இதே குடும்பத்து என்ஜின்தான் மொறிஸ் ஒக்ஸ்போட்டிலும் இருந்தது, இந்தியாவின் அம்பாசிடரிலும் நெடுங்காலம் இருந்தது. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்கள் இவ்வளவு காலம் உயிரோடு இருந்ததற்கு அந்த உறவும் ஒரு காரணம். சென்னைக்குப் போய்வருகிறவர்களின் பயணப்பையில், காஞ்சிபுரம் சேலைக்கு அடியில், எத்தனையோ வால்வுகளும் காஸ்கெற்றுகளும் கடல் தாண்டி வந்திருக்கின்றன.

அப்பா இந்தக் காரை 1974 இல் வாங்கினார். அப்போதே அது பழையது. புதியதை வாங்குவோம் என்றால் வாங்க இருக்கவில்லை. இந்த நாட்டில் கார்கள் பெரும்பாலும் தாமாகக் கிழடாவதில்லை. கதவு மூடப்படும்போதுதான் கிழடாகின்றன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதியை இறுக்கினார்கள். 1977 இல் பொருளாதாரம் திறக்கும் வரை உள்ளதை வைத்து ஓட்டவேண்டியிருந்தது. பிறகு கொழும்பில் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. எங்கள் பக்கத்துக்கு அவை ஒழுங்காக வந்து சேர்வதற்குள் 1990 வந்துவிட்டது. மூன்றாவது முறை 2020 மார்ச்சில். கொரோனாவோடு மூடிய கதவு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் பத்து வயதுக் காரை வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். கை தூக்க வேண்டாம்.

பழைய கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கார் ஒரு வீட்டு மனிதர் மாதிரி. அதற்குப் பிடித்தது, பிடிக்காதது என்று ஒரு பட்டியல் உண்டு. எங்கள் ஒஸ்ரினுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் பிடிக்காது. நாங்கள் இருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படை றேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படியும். மெல்ல மெல்லக் குழாய் அடைபட்டு, வெயிலில் இரண்டு மைல் ஓடினால் கொதிக்கத் தொடங்கும். அதனால் அப்பா மாரி மழைத் தண்ணீரைக் கூரையிலிருந்து பிடித்து, வெள்ளைத் துணியால் வடித்து, போத்தல்களில் அடைத்து வைப்பார். ஒவ்வொரு போத்தலிலும் மாதமும் ஆண்டும் எழுதியிருக்கும். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு "தீர்த்தமோ?" என்று கேட்டார்.

பங்குனி, சித்திரை வெயிலில் பெற்றோல் பம்புக்குள் போகும் வழியிலேயே பெற்றோல் ஆவியாகிவிடும். கார் நடுத்தெருவில் நிற்கும். ஈரத் துணியைப் பம்பில் சுற்றி, பத்து நிமிடம் வேப்பமரத்துக்குக் கீழே நின்றால் எதுவும் நடக்காதது போலக் கிளம்பும். பற்றறி விசயத்திலும் அது தலைகீழ். இன்றைய கார்களில் பற்றறியின் எதிர் முனைதான் காரின் இரும்போடு சேர்ந்திருக்கும். எங்கள் ஒஸ்ரினில் நேர் முனை. இது தெரியாத ஒரு தம்பி இரண்டு வருடத்துக்கு முன் றேடியோ பூட்டித் தருகிறேன் என்று வந்தார். றேடியோ ஒரு வரிகூடப் பாடவில்லை, புகைதான் வந்தது.

இனி 1990. எங்கள் வகுப்புத் தோழிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிந்திய வகுப்புக்களைச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆனியில் போர் மீண்டும் தொடங்கியதும் மின்சாரம் போனது, பெற்றோல் தடைப்பட்டது, பற்றறிகூடத் தடைப் பட்டியலில் இருந்தது. புதிய ஜப்பான் கார்கள் வைத்திருந்தவர்கள் அவற்றைச் செங்கல்லில் ஏற்றிச் சாக்கால் மூடினார்கள். ஓடியவை கிழட்டு ஒஸ்ரின்களும் மொறிஸ்களும்தான். ஏன் என்று பிறகு விளங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது, அதன் ஒக்ரேன் மிகக் குறைவு. நெருக்கி அமுக்குகிற என்ஜினில் அது நேரம் தப்பி வெடித்து "டக டக" என்று இடிக்கும். எங்கள் ஒஸ்ரின் அமுக்குவது எட்டுக்கு ஒன்று அளவில். இன்று நான் ஓட்டுகிற ஹைபிறிட் கார் பதின்மூன்றுக்கு ஒன்று. அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் அது கம்பியூட்டரில் முறைப்பாடு எழுதிவிட்டுப் படுத்துவிடும்.

காலையில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, முன்னால் கைபிடி போட்டுச் சுற்றி, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். கார் வந்துபோனதைப் பார்க்கத் தேவையில்லை, மணத்திலேயே தெரியும். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் கோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். "கூடினால் சந்தோசப்படாதை பிள்ளை, அது தண்ணியாய்ப் போச்சு எண்டு அர்த்தம்" என்பார் அப்பா. கால் வீங்கி நிறை கூடிக்கொண்டு வரும் நோயாளியைக் காணும்போது இன்றைக்கும் எனக்கு அந்த ஒயில் கோல் நினைவுக்கு வருகிறது.

கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் துப்பரவாக்குவது என்னுடைய வேலை. அண்ணாவுக்குக் கைபிடி சுற்றுவது, தங்கைக்கு லாம்பு பிடிப்பது. திங்கட்கிழமைகளில் எங்கள் கல்லூரியில் நகம் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "இது என்ன கை?" என்று ரீச்சர் கேட்டார். "பிளக் துடைச்சனான் ரீச்சர்" என்றேன். ரீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தேசிக்காய்த் தோல் போட்டுத் தேய், போகும்" என்று சொல்லி அடுத்த பிள்ளையிடம் போனார்.

எங்கள் வீட்டில் ஒரு போத்தல் பெற்றோல் எந்நேரமும் பூட்டி இருந்தது. அதைக் கடைக்குப் போகவோ கலியாணத்துக்குப் போகவோ தொடக்கூடாது. அது இரவில் யாரும் வந்து படலையைத் தட்டினால் காரை எழுப்புவதற்கு. எல்லா ஊர்களிலும் இப்படி ஓரிரண்டு கார்கள் இருந்தன. வாடகைக் கார் வைத்திருந்த அண்ணைமாரும் அப்படித்தான். பாம்பு கடித்தவர், மூச்சு முட்டியவர், பிள்ளைப்பேற்றுக்கு நோவெடுத்தவர் எல்லாரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் கார்களில்தான். இன்று பிரசவ விடுதியில் நின்று, எத்தனை மணிக்கு நோ தொடங்கியது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார்கள் என்று நான் கேட்டு எழுதுகிறேன். அந்த இரண்டு நேரங்களுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் எனக்குக் காட்டியது அந்தப் போத்தல். எங்கள் ஒழுங்கையிலிருந்து அந்தக் காரில் போய்ப் பிறந்தவர்களில் இருவர் இந்தக் கல்லூரியில் படித்தார்கள். ஒருவர் இப்போது மூன்றாவது வரிசையில் இருந்து என்னை முறைத்துப் பார்க்கிறார்.

1995 ஒக்ரோபர் 30 பற்றி நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. நாவற்குழிப் பாலத்தை அந்த இரவு கடந்தவர்கள் இங்கே நிறையப் பேர். சனத்துக்குள் கார் நகராது என்று அப்பா அதை விட்டுவிட்டு நடந்தார். விடமுன் டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் றோட்டரை எடுத்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பெருவிரல் அளவான துண்டு அது. அது இல்லாமல் கார் ஸ்ரார்ட் வராது. சாவகச்சேரியில் ஆறு மாதம் அது அப்பாவின் பையில் இருந்தது. திரும்பி வந்தபோது நான்கு ரயரும் இல்லை, பற்றறி இல்லை, பின் இருக்கை இல்லை, கோழி ஒன்று முன் இருக்கையில் அடைகாத்தது. என்ஜின் இருந்தது. அப்பா கோழிக்கு அவகாசம் கொடுத்தார். குஞ்சு பொரித்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

இதையெல்லாம் சொன்னால் எங்கள் அண்ணா ரொறன்ரோவில் இருந்து அழுவார். தங்கை மெல்பேணில் இருந்து இதயப் படம் போடுவார். அப்பா 2021 இல் காலமானார். கொழும்பிலிருந்து பழைய கார் சேர்க்கும் ஒருவர் நல்ல விலை சொன்னார். இன்னொருவர் கலியாண வாடகைக்குக் கேட்டார். குடும்ப வட்சப்பில் நான் இதைப் போட்ட உடனே, ஒரு பக்கத்தில் நடுச்சாமமாக இருந்தும், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பதில் வந்தது: "அதை மட்டும் வித்திடாதை."

அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு விசயத்தை இன்று இந்தச் சபையில், குறிப்பாக இந்த மலரை வெளிநாட்டில் இருந்து வாசிக்கப்போகிற என் தோழிகளுக்கு, சொல்ல விரும்புகிறேன். இந்தக் காரின் ஞாபகம் ரொறன்ரோவில் இருக்கிறது. ஒயில் ஒழுகுவது திருநெல்வேலியில். அண்ணாவுக்கு அந்தக் கார் 1990 இல் நிற்கிறது, அவர் கைபிடி சுற்றுகிறார், அப்பா பக்கத்தில் நிற்கிறார். எனக்கு அது இன்றைய சனிக்கிழமையில் நிற்கிறது, பின் சக்கரத்து பிரேக் சிலிண்டர் கசிகிறது. பணம் கேட்டால் இருவரும் அனுப்புவார்கள், ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. பணம் அனுப்பலாம். சனிக்கிழமை அனுப்ப முடியாது. கிழமைக்கு ஒருமுறை ஸ்ரார்ட் பண்ணி ஐந்து மைல் ஓட்டாவிட்டால் பற்றறி இறங்கும், றப்பர்கள் காயும், எலி வயரைக் கடிக்கும். நிற்கிற கார் ஓடுகிற காரிலும் பார்க்க விரைவாகச் சாகும். வார்டில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த சனிக்கிழமைகளிலும் இதைச் செய்யவேண்டியிருக்கிறது. வீடு, வளவு, கோயில் உபயம், வயதுபோன பெரியம்மா என்று இங்கே தங்கிவிட்டவர்கள் வைத்திருப்பவை வேறும் உண்டு. இன்றைக்குக் கார் பற்றி மட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஞாபகத்தில் இருக்கிற காரில் ஆபத்தே இல்லை. உண்மைக் காரில் இருக்கிறது. சீற் பெல்ற் இல்லை. தலைக்குத் தாங்கி இல்லை. மோதினால் ஸ்ரியரிங் தண்டு நெஞ்சுக்கு நேரே வரும். இழுத்து மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும், மழையில் டிரம் நனைந்தால் அதுவும் சந்தேகம். அந்தக் காலத்துப் பெற்றோலில் ஈயம் இருந்தது. 2002 இல் இலங்கையில் அதை நிறுத்தியபோது பழைய கார்காரர் பலர் வால்வு தேயும் என்று கவலைப்பட்டார்கள். வால்வு தேய்ந்தால் மாற்றலாம். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளைக்குச் செய்வதை மாற்றமுடியாது. ஏ9 வீதியில் இந்தக் காரை நான் ஓட்டுவதில்லை, ஓட்ட யாருக்கும் கொடுப்பதுமில்லை. "முந்தி நாங்கள் எத்தினை பேர் அதுக்குள்ளை போனனாங்கள்" என்று சொல்பவர்களுக்கு, திரும்பி வந்தவர்கள்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்று பதில் சொல்வேன்.

2022 இல் அந்தக் கார் எனக்கு உதவியது என்பதையும் மறைக்கக்கூடாது. கியூஆர் முறை ஆடியில் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பதிவுசெய்ய செசி இலக்கம் வேண்டும். ஒஸ்ரினின் இலக்கத் தகட்டில் அப்பா நான்கு முறை பூசிய பெயின்ற் இருந்தது. பிளேட்டால் சுரண்டிச் சுரண்டி ஒவ்வோர் எண்ணாக எடுத்தோம். என் ஹைபிறிட் அந்தக் கிழமைகளில்தான் பற்றறி பழுதாகிச் சிவப்பு முக்கோணம் காட்டியது. ஒரு வேலைத்தளத்தில் கம்பியூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு முழுப் பற்றறியும் மாற்றவேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன விலை என் சம்பளத்தில் பல மாதம், பற்றறியும் நாட்டில் இல்லை. பிறகு வேறொருவர் பழுதான செல்களை மட்டும் மாற்றித் தந்தார். அதுவரை ஏறக்குறைய ஒரு மாதம் 62 வயது ஒஸ்ரின் என்னை வார்டுக்குக் கொண்டுபோனது. என்னிடம் வைத்தியம் பார்த்த ஒரு முதியவர் வாசலில் அதைக் கண்டு, "டொக்டர், இதிலை வாறவையை நம்பலாம்" என்றார். ஏன் என்று கேட்க நேரமிருக்கவில்லை.

இதைப் பழுதுபார்க்கும் கராச் ஐயாவுக்கு 76 வயது. ஸ்குறூ டிறைவரின் ஒரு முனையை என்ஜினில் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். நான் ஸ்ரெதஸ்கோப்பை நினைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் நினைப்பது அவருடைய காது கேட்கும் சக்தியை. இடது பக்கம் குறைந்துகொண்டு வருகிறது. பிள்ளைகள் மூவரும் வெளியில். கராச்சில் நிற்கும் பொடியன் நல்லவன், ஆனால் மோட்டார்சைக்கிள்தான் பார்க்கிறான். அவனில் குறை சொல்லமாட்டேன். ஒஸ்ரினைப் பழகி அவன் எத்தனை பேருக்கு வேலை செய்வது?

போன வருடம் அண்ணாவின் மகள் வந்தாள். 19 வயது, பொறியியல் படிக்கிறாள். வந்த அன்றே "மாமி, காரிலை கசூரினா பீச்சுக்குப் போவமா?" என்றாள். போகலாம், முதலில் கராச்சுக்குப் போ என்றேன். ஒரு நாள் என்று போனவள் ஐந்து நாள் போனாள். அவளுடைய தமிழுக்கும் ஐயாவின் ஆங்கிலத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கொன்ராக்ற் பொயின்றுக்கு இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அளவுத்தகடு இல்லாவிட்டால் எந்தத் தடிப்பில் மட்டையைச் செருகிப் பார்ப்பது, சோக்கை எப்போது உள்ளே தள்ளுவது, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிப் படம் கீறி வைத்திருக்கிறாள். பாதி தமிழ், அதுவும் எழுத்துப் பிழையோடு. "றோட்டர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "தாத்தாவின் பொக்கற்" என்று எழுதியிருக்கிறாள். அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஐயா சொன்னாராம். அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார், எங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளில்.

கொழும்புக்காரர் மார்கழிக்குள் பதில் கேட்கிறார். இன்னும் சொல்லவில்லை. வட்சப்பில் இம்முறை நான் கருத்துக் கேட்கவில்லை, யார் எந்த மாதம் எத்தனை சனிக்கிழமைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அண்ணா பங்குனியில் இரண்டு என்று போட்டிருக்கிறார். தங்கை இன்னும் யோசிக்கிறார்.

செயலாளர் அக்கா மணியைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோளுடன் இறங்குகிறேன். பின் சக்கரத்து பிரேக் சிலிண்டருக்கான றப்பர் தொகுதி இங்கே கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் பழைய கார் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற லண்டன் தோழிகள் யாராவது இரண்டு தொகுதி கொண்டுவந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். கொண்டுவருகிற சொக்கலேற்றிலும் பார்க்கப் பாரம் குறைவு. காரில் ஏறிப் படம் எடுக்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரலாம். பழைய உடுப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள்.